இரண்டு பள்ளி, இருபது பொருள்: புழங்குபொருள் பரிமாற்றத் திட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பள்ளிகள் தத்தம் வட்டாரத்துப் புழங்குபொருள்களை, அதாவது வீட்டிலும் தொழிலிலும் மக்கள் கையாளும் பொருள்களை, படமெடுத்து, விவரம் எழுதி, மின்தொகுப்பாக்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் திட்டம் இது. நான் மூன்று முறை நடத்தியிருக்கிறேன். முதல் முறை பாதி சொதப்பல். அதற்குப் பிறகு மற்ற ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மாணவர்கள் இதில் என்னதான் செய்கிறார்கள்?

ஒவ்வொரு பள்ளியும் பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் படமும் பதிவட்டையும் தயாரிக்கும். எதிர்ப்பள்ளி, அதாவது நம்மோடு சேர்ந்த மற்றப் பள்ளி, ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகள் அனுப்பும். மாணவர்கள் அந்தக் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி வீட்டுக்கும் பட்டறைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்து பதிவைத் திருத்துவார்கள். இவ்வளவுதான்.

பெரும்பாலான பள்ளிகள் முதல் வரியோடு நின்றுவிடுகின்றன. படங்களை ஏற்றி, ஒரு விழா வைத்து, சான்றிதழ் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அதைக் கண்காட்சி என்று சொல்லலாம், பரிமாற்றம் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்.

ஒன்றைச் சொல்கிறேன். முதல் சுற்றில் ஒரு மாணவி வீட்டுப் பரணிலிருந்து கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். "பழைய இஸ்திரிப் பெட்டி. இரும்பு. மரக் கைப்பிடி. துணி தேய்க்கப் பயன்பட்டது" என்று எழுதினாள். நானும் சரி போட்டேன். எதிர்ப்பள்ளியிலிருந்து வந்த முதல் கேள்வி: "மூடியை மாட்டும் கொக்கியில் ஏன் சேவல் உட்கார்ந்திருக்கிறது?" பெட்டியில் சேவல் இருப்பதையே அவள் கவனித்திருக்கவில்லை. நானும்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கொண்டை, அலகு, வால் எல்லாம் அச்சாக இருக்கிறது.

அப்புறம் அவள் விடவில்லை. இணையத்தில் உள்ள அருங்காட்சியகத் தொகுப்புகளைத் துழாவி, வேறு நாட்டு இஸ்திரிப் பெட்டிகளிலும் அதே மாதிரி சேவலைக் கண்டுபிடித்தாள். ஏன் சேவல் என்று மூன்று பேரிடம் கேட்டாள். மூவரும் மூன்று காரணம் சொன்னார்கள். மூன்றையும் சொன்னவரின் உறவுமுறையோடு அப்படியே பதிந்தாள். எதிர்ப்பள்ளிக்காரர்களும் தங்கள் பக்கத்தில் ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்தார்கள். அதில் சேவல் இல்லை, புகை போக ஒரு குட்டிக் குழாய் இருந்தது. நான்கு வரிப் பதிவு இரண்டு பக்கமாயிற்று.

பொருள் பழையதாக, அரியதாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். நாட்டாரியல் ஆய்வாளர்கள் "புழங்குபொருள்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். "கலைப்பொருள்", "அரும்பொருள்" என்று அறிவித்தால் மாணவர்கள் சாமான்களைத் தேடிக் கடைக்குப் போவார்கள். "புழங்குபொருள்" என்று சொல்லிப் பாருங்கள், பரணில் ஏறுவார்கள்.

இன்றைய பொருள் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி. உலகில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் கிடக்கிறது. ஜெர்மனியின் விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் 2017-இல் அந்த நாற்காலிக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. இரண்டு பள்ளியும் ஒரே நாற்காலியைப் பதிவு செய்தால், வித்தியாசமெல்லாம் அதை வைத்துக்கொண்டிருக்கும் விதத்தில் தெரியும்: விரிசலைக் கம்பியால் தைத்தது, உடைந்த காலுக்குப் பதில் கட்டை கொடுத்தது.

எத்தனை பொருள் வரை போகலாம்?

பள்ளிக்குப் பத்து. ஆர்வக்கோளாறில் நூறு என்று ஆரம்பித்த இடங்களில் பத்தாவதுக்குப் பிறகு எல்லா அட்டையும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

பதிவட்டையில் என்ன எழுதுவது?

நீங்களாகப் படிவம் உருவாக்க வேண்டியதில்லை. "ஆப்ஜெக்ட் ஐடி" என்ற சர்வதேசப் பதிவுமுறை 1997 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை முன்னின்று உருவாக்கியது. இப்போது சர்வதேச அருங்காட்சியகக் குழு பரப்புகிறது. திருட்டுப்போன கலைப்பொருள்களை அடையாளம் காண்பதற்காக எழுந்தது என்பதால் ஒவ்வொரு கேள்வியும் நறுக்குத் தெறித்தாற்போல் இருக்கும். என்ன வகைப் பொருள்? எதனால், எப்படிச் செய்தது? அளவு, எடை? எழுத்தோ முத்திரையோ உண்டா? இதே மாதிரி இன்னொன்றிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? தலைப்பு உண்டா? எதைச் சித்திரிக்கிறது? எந்தக் காலம்? யார் செய்தது?

ஒன்பதில் ஐந்தாவதுதான் தங்கம். கீறல், ஒட்டு, பழுது பார்த்த தடம், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த கைப்பிடி – இவற்றை எழுத வைத்தால் மாணவர் பொருளைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். அடிப்பக்கத்தைப் பார்க்காமல் எழுதிய அட்டையை நான் வாங்குவதில்லை.

இதோடு நான் இரண்டு வரி சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று, "இந்தத் தகவலைச் சொன்னவர் யார்?" மற்றொன்று, "எனக்கு இன்னும் தெரியாதது என்ன?" இரண்டாவதைக் காலியாக விட அனுமதி இல்லை. எல்லாம் தெரிந்ததுபோல் எழுதிய அட்டைக்கு எதிர்ப்பள்ளி "மிக அருமை, நன்றி" என்றுதான் பதில் போடும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பாட்டி சொன்னது தவறாக இருந்தால்?

"நூற்றைம்பது வருஷப் பெட்டி" என்பார்கள். அடியில் போட்டிருக்கும் தொழிற்சாலை முத்திரையோ வேறு கதை சொல்லும். பாட்டியைத் திருத்தாதீர்கள். "வீட்டில் சொல்வது", "பொருளில் காண்பது" என்று இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். ஏன் அவ்வளவு பழையது என்று வீட்டில் சொல்லிவந்தார்கள் என்பதும் பண்பாடுதான். முன்பு எழுதியதை அழித்துவிட்டு மேலே எழுதவும் கூடாது. பழைய வரி, புதிய வரி, தேதி மூன்றும் இருக்கட்டும்.

நல்ல கேள்வி கேட்க மாணவர்களை எப்படிப் பழக்குவது?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'புராஜெக்ட் ஜீரோ' குழு உருவாக்கிய ஒரு வகுப்பறைப் பழக்கம் உண்டு: என்ன பார்க்கிறாய், அதைப் பற்றி என்ன நினைக்கிறாய், எதை அறிய ஆசைப்படுகிறாய். இந்த வரிசையை மாற்றாமல் நடத்துங்கள். பார்த்ததை மட்டும் மூன்று நிமிடம் சொல்லவைத்தால், வகுப்பு தவிக்கும். "அது விளக்கு" என்று ஒருவன் சொல்வான். "விளக்கு என்பது உன் நினைப்பு, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்" என்று நிறுத்த வேண்டும்.

"இது எதற்குப் பயன்படும்?" என்ற கேள்வியைத் தடை செய்துவிடுவேன். அதற்கு ஒரு வரிப் பதில்தான் கிடைக்கும். "இது உடைந்தால் யாரிடம் கொண்டுபோவீர்கள்?", "இதை யார் தொடக் கூடாது?", "இதற்குப் பதில் இப்போது என்ன வந்திருக்கிறது?" போன்றவை அந்த வீட்டுக்குள்ளேயே கூட்டிப்போகும்.

படமெடுக்க நல்ல கேமரா தேவையா?

கைபேசி போதும். வெளிச்சம்தான் முக்கியம். நேரடி வெயில் படாத ஜன்னலோரம் மேசை போட்டு, சாம்பல் நிறத் தாள் விரித்து, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பொருளை முட்டிக்கொண்டு எடுத்தால் முன்பக்கம் உப்பித் தெரியும்; இரண்டடி தள்ளி நின்று சற்றே ஜூம் செய்யுங்கள். பொருள் இருக்கும் அதே தளத்தில் ஒரு அளவுகோல் கிடக்கட்டும். மங்கிய எழுத்துப் பொறிப்பு இருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நேரே பார்த்தால் தெரியாத எழுத்து நிழலில் எழுந்து வரும். மாணவர்கள் கூச்சல் போடும் தருணம் அது.

முப்பரிமாண உருவம் வேண்டுமென்றால், சுற்றிச் சுற்றி ஐம்பது அறுபது படம் எடுத்து, ஒவ்வொன்றும் முந்தையதோடு 60 முதல் 80 சதவீதம் மேற்பொருந்துமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியும் பளபளக்கும் உலோகமும் இந்த முறைக்கு ஒத்துவராது. முதல் சுற்றில் இதில் இறங்காதீர்கள்; பையன்கள் மென்பொருளிலேயே மூழ்கிப் பொருளை மறந்துவிடுவார்கள்.

எடுப்பதற்கு முன் பொருளைச் சுத்தம் செய்யலாமா?

மென்மையான தூரிகையால் தூசி தட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். எங்கள் முதல் சுற்றில் ஒரு மாணவன் வீட்டுப் பித்தளைச் செப்பை இரவெல்லாம் தேய்த்துப் பொன்போல் ஆக்கிக் கொண்டுவந்தான். அடியில் பெயர் வெட்டியிருந்ததாக அவன் தாத்தா சொல்லியிருக்கிறார். அது பாதிக்கு மேல் மழுங்கிப்போயிருந்தது. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

கையுறை பற்றியும் கேட்கிறார்கள். சினிமாவில் பார்க்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை பழைய தாளுக்கும் சுவடிக்கும் நல்லதல்ல. விரலின் உணர்வு மந்தமாகித் தாள் கிழியும். கழுவி உலர்த்திய வெறுங்கையே போதும். உலோகத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை போடலாம், வியர்வை உப்பு அதை அரிக்கும்.

கோப்புகளை எப்படி வைத்துக்கொள்வது?

ஆண்டு, பொருள் எண், படத்தின் எண்: "2025-007-03". "இறுதி", "புதிய இறுதி", "கடைசி இறுதி" என்றெல்லாம் பெயர் வைத்தால் மூன்றாம் மாதம் நீங்களே அழுவீர்கள். மூலப் படத்தைத் தொடாமல் வைத்துவிட்டுச் சிறிய நகலை அனுப்புங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று பள்ளிக்கு வெளியே.

பெரிய அருங்காட்சியகங்களின் படங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா?

ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டாயம் பயன்படுத்துங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000 படங்களை உரிமைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020-இல் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண உருவங்களையும் அப்படியே வெளியிட்டது. 2008-இல் தொடங்கிய யூரோப்பியானா இணையதளத்தில் ஐரோப்பிய நிறுவனங்களின் தொகுப்புகளை ஒரே இடத்தில் தேடலாம். அங்கே ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமைக் குறிப்பு வேறு வேறாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் பத்துப் பொருளில் ஒன்றாக அவற்றை எண்ண வேண்டாம். எதிர்ப்பள்ளி கேட்கும் கேள்விக்கு அந்தப் பொருளை எடுத்துத் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்ல உங்களால் முடியாது.

எங்கள் வட்டாரப் பொருள் வேறு நாட்டு அருங்காட்சியகத்தில் இருப்பதை மாணவர்கள் கண்டுபிடித்துவிட்டார்களே, என்ன சொல்வது?

மழுப்பாதீர்கள். இதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது. வாங்கியதா, பரிசாகப் போனதா, பறித்ததா என்று தேட வையுங்கள். பொருள் கைமாறி வந்த வரலாற்றை நல்ல அருங்காட்சியகங்கள் பதிவிலேயே கொடுத்திருக்கும். கொடுக்காமல் விட்டிருந்தால் அதையும் மாணவர் குறித்துக்கொள்ளட்டும்.

பெனின் அரசின் கதையை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தை 1897-இல் பிரிட்டிஷ் படை சூறையாடியது; அரண்மனையின் வெண்கல, தந்தப் பொருள்கள் உலகமெங்கும் சிதறின. 2022-இல் வெளிவந்த 'டிஜிட்டல் பெனின்' தளம் 20 நாடுகளில் 131 நிறுவனங்களிடம் உள்ள 5,000-க்கும் மேற்பட்ட பொருள்களின் விவரத்தை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறது. எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, பொருள்களுக்கு அங்குள்ள மக்களின் எடோ மொழிப் பெயர்களைத் திரும்பக் கொடுத்ததுதான். அருங்காட்சியக அட்டையில் வெறும் "தலை உருவம்" என்று கிடந்தவைக்கு அந்த மக்கள் வைத்த பெயரும் அதன் ஒலிப்பதிவும் அங்கே உண்டு.

எதிர்ப்பள்ளி, பொருளை வைத்திருக்கும் நாட்டிலேயே இருந்தால்? அங்குள்ள ஆசிரியரிடம் முதலில் தனியாகப் பேசிவிடுங்கள். பிள்ளைகள் எதிரிகளாக அமரக் கூடாது. சேர்ந்து தேடுபவர்களாக இருக்க வேண்டும்.

வழிபாட்டுப் பொருள், சடங்குப் பொருள் பதியலாமா?

வீட்டார் சரி என்றால் மட்டும் போதாது. அந்தப் பொருள் யாருக்கெல்லாம் உரியதோ அவர்களைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவான 'முகுர்த்து' மென்பொருளில், யார் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்யும். 'லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்' அமைப்பின் மரபறிவுக் குறிகளில் (பழங்குடிச் சமூகத்தின் பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்பவை) "குறிப்பிட்ட பருவத்தில் மட்டும்", "பெண்கள் மட்டும்" என்பவை போன்றவையும் உண்டு. எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து வைப்பதே நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இவற்றைப் பார்த்த பிறகு மாறினேன்.

நடைமுறையில்: ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடுங்கள். "படம் தர இயலாது" என்று ஒரு வெற்று அட்டையை அனுப்பலாம். அதற்கு வரும் கேள்விகளைப் பாருங்கள்!

படங்களின் உரிமை யாருக்கு?

பழைய பொருளுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமைச் சிக்கல் இராது. புகைப்படம் எடுத்த மாணவருக்கு உரிமை உண்டு. அட்டை எழுதியவருக்கும், குரல் பதிவு கொடுத்த பெரியவருக்கும் உண்டு. மூவரிடமும் எழுத்தில் இசைவு வாங்குங்கள். தன் படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் "பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குக் கூடாது" என்ற வகை பள்ளிகளுக்குப் பொருந்தும். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த உரிமத்தைக் கொடுத்து வெளியிட்ட பின், ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது.

மாணவர் பாதுகாப்பு?

முகம் வேண்டாம், முழுப் பெயர் வேண்டாம். கைகள் மட்டும் தெரியும் படம் அழகாகவும் இருக்கும். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு பதிந்திருக்கலாம். அனுப்புமுன் அதை நீக்குங்கள். இல்லாவிட்டால், விலையுயர்ந்த பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆப்ஜெக்ட் ஐடி எதற்காகப் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். குழந்தையின் தகவலைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் கேட்கும் வயது அமெரிக்காவில் 13-க்குக் கீழ். ஐரோப்பிய ஒன்றியத்தில் 16. உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18. இரு பள்ளியில் எது கடுமையோ அதையே இருவரும் பின்பற்றினால் குழப்பமில்லை.

எதிர்ப்பள்ளியை எங்கே தேடுவது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈட்வின்னிங் என்ற பள்ளி இணைப்புத் தளம் 2005 முதல் இயங்குகிறது. 1988-இல் தொடங்கிய ஐஏர்ன் வலையமைப்பில் பல நாட்டு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பொம்மைக் கரடியைத் தபாலில் அனுப்பி, அது எழுதுவதுபோல் நாட்குறிப்பு எழுதும் அவர்களுடைய திட்டம் சின்ன வகுப்புகளுக்கு நல்ல ஒத்திகை. பள்ளியைவிட ஆசிரியரைத் தேடுங்கள். மூன்று மின்னஞ்சலுக்குள் பதில் போடாத ஆசிரியர் முப்பதாவதற்கும் போட மாட்டார்.

மொழி ஒன்றாக இல்லையே?

இயந்திர மொழிபெயர்ப்பு வாக்கியத்தை ஒப்பேற்றிவிடும், தொழிற்சொல்லில் கவிழும். ஆகவே பொருளின் பெயரையும் உறுப்புகளின் பெயரையும் மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதி, பக்கத்தில் உச்சரிப்பை ஒலிப்பதிவாக வையுங்கள். பூட்டின் நாக்கு, ஊசியின் காது, பானையின் கழுத்து – பொருளுக்கு நாம் உடலுறுப்பின் பெயர் வைத்திருப்பதை எதிர்ப்பள்ளி மாணவர்கள்தான் முதலில் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் மொழியில் பூட்டுக்கு எது நாக்கு என்று எங்கள் பிள்ளைகள் பதிலுக்குக் கேட்டார்கள். அந்த ஒரு பட்டியலே ஒரு மாதம் ஓடியது.

நேரலைச் சந்திப்பு அவசியமா?

ஒன்று, கடைசியில். அதுவரை எழுத்தும் குரலும் போதும். சில நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அதைக் கவனிக்காமல் நாற்பது பிள்ளைகளை வெற்றுத் திரை முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைத்த அனுபவம் எனக்கு உண்டு.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் கூடியது என்ன என்று பார்ப்பேன். அழகான படத்துக்கு மதிப்பெண் கிடையாது.

முடிந்ததும் தொகுப்பை என்ன செய்வது?

பொருளைக் கொடுத்த வீட்டுக்கு அதன் பதிவை அச்செடுத்துக் கொடுங்கள். பள்ளி நூலகத்தில் ஒரு முழுப் பிரதி இருக்கட்டும். பின்னாளில் யாராவது "எங்கள் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று வந்தால் எடுப்பதற்கு ஓர் ஆசிரியர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் மாறிப்போனால் கடவுச்சொல்லும் பொறுப்பும் அடுத்தவருக்குக் கைமாற வேண்டும். பொருள்களை மட்டும் படமெடுத்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுங்கள். எதிர்ப்பள்ளியின் கேள்விக்குப் பதில் தேடி மாணவர் பொருளை மறுபடி பார்க்க வேண்டுமே என்கிறீர்களா? அது இருக்கும் வீட்டிலேயே போய்ப் பார்க்கட்டும். அங்கேதான் அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கும்.